இருபத்திரண்டு குடம்

செவ்வாய்க்கிழமை காலை, தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்துக்குள் இறங்கும் படிக்கட்டில் முதல் படியிலேயே நின்றுவிட்டேன். வலது காலைக் கீழே வைத்த நொடியில் தொடையின் முன்பக்கம் முழுவதும் சுண்டி இழுத்தது. முழங்கால் மடிந்து விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். தலை முழுக்க நரைத்த பெரியவர் ஒருவர் சாப்பாட்டுப் பையை ஆட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். எனக்கு 49 வயது. இவ்வளவுதானா, இனி இப்படித்தானா என்ற எண்ணம் மண்ணடியில் இறங்கும்வரை மனதைவிட்டுப் போகவில்லை.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. நாங்கள் குடியிருப்பது ஒரு பழைய வீட்டின் இரண்டாவது மாடி. சனிக்கிழமை மாலை மோட்டாரிலிருந்து கருகல் வாடை வந்தது, காயில் எரிந்துவிட்டது. மெக்கானிக் கழற்றிக்கொண்டு போனார். திங்கட்கிழமை கடை திறந்தால்தான் காயில் கட்ட முடியும் என்றார். கணவர் வேலையாகத் தூத்துக்குடி போயிருந்தார். மகன் கோவையில் படிக்கிறான். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு 76 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தவள்.

கீழே சம்ப் நிறையத் தண்ணீர் இருந்தது. மேலே ஒரு சொட்டு இல்லை. கயிறு கட்டிய வாளியால் சேந்தி, குடத்தில் ஊற்றி, இடுப்பில் வைத்து ஏறினேன். சனிக்கிழமை இரவு பத்துக் குடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னும் பன்னிரண்டு. எங்கள் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆக, 330 கிலோவை மேலே சேர்த்திருக்கிறேன். படிகள் 36, படிக்கு ஏழு அங்குலம் என்று வைத்தால் ஒரு நடைக்கு 21 அடி. இருபத்திரண்டு நடைக்கு 462 அடி. அண்ணா சாலையில் இருக்கும் எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி உயரம். அதை இரண்டரை முறைக்கு மேல் ஏறி இறங்கிய கணக்கு. இந்தக் கணக்கை அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு பழைய ரசீதின் பின்புறம் போட்டுப் பார்த்தேன். போட்டதும் மனம் கொஞ்சம் ஆறியது. எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து கப்பல் சரக்கு ஆவணங்களைச் சரிபார்க்கிற உடம்பு ஒரே நாளில் இத்தனையும் செய்திருக்கிறது. அதற்கு நோகாமல் என்ன செய்யும்?

ஆனால் ஒன்று புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை நான் நன்றாகவே இருந்தேன். கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். திங்கட்கிழமை எழுந்தபோது விறைப்பு. செவ்வாய்க்கிழமைதான் உச்சம். இரண்டு நாள் கழித்து வருகிற வலி எங்கிருந்து வருகிறது? இன்னொன்றும் புரியவில்லை. குடத்தைச் சுமந்து ஏறியபோதுதான் மூச்சு வாங்கியது, வியர்த்தது. இறங்கியதெல்லாம் வெறும் குடத்தோடு. இப்போதோ ஏறும்போது சமாளிக்க முடிகிறது, இறங்கும்போதுதான் உயிர் போகிறது.

அன்று இரவு இதைப் பற்றி நிறையப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு உண்மையாகவே ஆச்சரியம். தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் 1902-லேயே இந்தத் தாமத வலியைப் பற்றி எழுதியிருக்கிறார். பழக்கமில்லாத வேலை செய்தால் தசைக்குள் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன என்பது அவருடைய ஊகம். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே போயின. தசையில் நுண்சேதம், அதைச் சரிசெய்ய உடம்பு அனுப்பும் அழற்சி, அதனால் கூசும் நரம்பு முனைகள். இதெல்லாம் மெதுவாக நடப்பதால் வலி 24 மணி நேரத்துக்குப் பிறகு ஏறி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். ‘லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது’ என்று பள்ளியில் படித்த விளக்கம் இதற்குப் பொருந்தாது. அந்த அமிலம் வேலை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய வடிந்துவிடுகிறது.

படி இறங்கும் புதிருக்கும் விடை கிடைத்தது. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது, கிணற்றில் இறங்கும் வாளியின் கயிற்றைக் கைவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதைப் போல. நீண்டுகொண்டே பாரம் தாங்கும் இந்த வேலைதான் தசையை அதிகமாகக் கிழிக்கிறது. மூச்சு வாங்காத, வியர்க்காத, வேலை என்றே நான் எண்ணாத அந்த 792 இறங்குபடிகள்தான் என் தொடையை இப்படி ஆக்கியிருக்கின்றன. நிறைகுடத்தை இடுப்பிலிருந்து மெதுவாகத் தரையில் இறக்கி வைத்ததற்கும் அதில் பங்கு உண்டு. கைத்தசையும் அப்போது நீண்டுகொண்டேதான் பாரத்தைத் தாங்கியிருக்கிறது.

அம்மாவுக்கு இந்த விளக்கம் தேவைப்படவில்லை. திங்கட்கிழமை காலை நான் கட்டிலிலிருந்து எழுந்த விதத்தைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி.

“உளைச்சலா, குடைச்சலா?”

“வலிக்கிறது அம்மா.”

“அது தெரிகிறது கண்ணு. எப்படி வலிக்கிறது?”

அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலைக்குப் போனவள். ஐஸ் தண்ணீரில் கை, சிமெண்ட் தரையில் குந்திய கால், விடியற்காலை முதல் மதியம்வரை. அவளிடம் வலிக்கு ஒரு சொல் போதாது. நாள் முழுக்க நின்றால் கால் கடுக்கும். சுமை தூக்கினால் தோளும் தொடையும் உளையும். மழைக்காலத்தில் மூட்டு குடையும். கோணலாகப் படுத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். அடி பிசகினால் சுளுக்கும். நகச்சுற்று பழுத்தால் விண்விண்ணென்று தெறிக்கும். நரம்பில் பட்டால் சுரீரென்று இடுப்பிலிருந்து கெண்டைக்கால்வரை இழுக்கும். அதோடு மதமதப்பு, மரத்துப்போவது, குத்தல், எரிச்சல் என்று இன்னும் எத்தனையோ. என் தலைமுறையில் இவ்வளவையும் சேர்த்து ‘பெயின்’ என்று முடித்துவிட்டோம். மருந்துக்கடையில் போய் ‘உடம்பு வலிக்கு ஒன்று கொடுங்கள்’ என்று கேட்டு, என்ன வலி என்று அவரும் கேட்காமல் நாமும் சொல்லாமல், வெறும் வயிற்றில் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறோம். இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்கு அந்த வலி மாத்திரைகள் எவ்வளவு கெடுதல் என்று தெரிந்தும் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அம்மாவின் கேள்விக்கு உட்கார்ந்து யோசித்துத்தான் பதில் சொன்னேன். தசை முழுக்கப் பரவிய வலி, ஓரிடத்தில் விரல் வைத்துக் காட்ட முடியாதது, அழுத்தினால் நோவது, இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. உளைச்சல்தான். மூட்டுக்குள் இல்லை, மரத்துப்போகவும் இல்லை. “அப்படியென்றால் படுக்காதே, நடந்துகொண்டே இரு” என்றாள். நொச்சி இலை போட்டு வெந்நீர் வைக்கச் சொன்னாள். எதிர்வீட்டு அக்காவோ போன் செய்து, மூன்று நாள் விடுப்பு எடுத்துக் காலை நீட்டிப் படு, இந்த வயதில் இனிமேல் இதெல்லாம் வேண்டாம் என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நான் அம்மா சொன்னதைத்தான் கேட்டேன்; இந்த வகை வலிக்கு மெதுவான நடமாட்டம் இதம் தரும் என்று பிறகு படித்ததும் அதோடு ஒன்றாக இருந்தது. அலுவலகத்துக்குப் போனேன்.

‘இந்த வயதில்’ என்ற சொல்தான் தைத்துக்கொண்டு நின்றது.

என் வயதைத் தண்ணீர்ப் பஞ்சங்களை வைத்து எண்ணிவிடலாம். வடசென்னையில் பிறந்த பெண்கள் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். 1990-களின் தொடக்கத்தில் எனக்குப் பதினேழு வயது இருக்கும்போது தெருமுனை அடிபம்பில் விடியற்காலை நான்கு மணிக்கு வரிசை. வரிசையில் ஆளுக்குப் பதில் குடம் நிற்கும். எது யாருடைய குடம் என்று நிறத்தை வைத்தும் கழுத்தில் கட்டிய துணியை வைத்தும் சொல்லிவிடுவோம். பம்பை அடிப்பது எனக்கு விளையாட்டாக இருந்தது. உடம்பு முழுவதையும் தொங்கவிட்டு அடித்தால் இரண்டு அடிக்கு ஒரு பீச்சு வரும். வலித்ததாக நினைவே இல்லை. 2003-04இல் எனக்கு 27. லாரி வந்தால் இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று இரண்டு குடத்தோடு மாடி ஏறுவேன். மகன் அப்போது கைக்குழந்தை. குடத்தை இறக்கி வைத்து, அதே இடுப்பில் அவனைத் தூக்கிக்கொள்வேன். 2004-இல் வீராணம் தண்ணீர் சென்னைக்கு வந்தது. பிறகு 2010-இல் மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. குடங்கள் பரணுக்குப் போயின. 2019-இல் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன் ரயிலில் வில்லிவாக்கத்துக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்ததே, அப்போது எனக்கு 43. ஒரு நேரத்தில் ஒரு குடம்தான் முடிந்தது. பாதிக்கு மேல் பணம் கொடுத்து ஆள் வைத்துத் தூக்கினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கீழ்வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை எல்லோரும் சேர்ந்து வெளியே அள்ளிக் கொட்டினோம். அன்றைக்கும் தூக்கியது தண்ணீர்தான், திசைதான் வேறு. அதற்கும் மூன்று நாள் முதுகு உளைந்தது.

இப்படி வரிசையாக வைத்துப் பார்த்தால் சரிவு தெரிகிறது. அதை நான் மறுக்கவில்லை. இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-இல் வயது ஏறத் தசை குறைவதற்கு ஒரு பெயர் வைத்தார்: சார்கோபீனியா. கிரேக்கத்தில் சார்க்ஸ் என்றால் சதை, பெனியா என்றால் இல்லாமை. நம் மொழியில் சதைப் பஞ்சம். அந்தப் பெயரின் பொருளைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம்வரை தசை குறைகிறது என்பது பொதுவான மதிப்பீடு. அறுபதுக்குப் பின் வேகம் கூடும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பின் அடர்த்தியும் சேர்ந்து இறங்கும். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டுகளின் மையப்பகுதியில் இளமையில் ஐந்தில் நான்கு பங்குக்குத் தண்ணீர்தான். வயது ஏற ஏற அதுவும் வற்றுகிறது. காலையில் இருக்கும் உயரம் மாலையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைவதும், படுத்து எழுந்தால் திரும்புவதும் அந்தத் தட்டுகளில் தண்ணீர் வடிந்து ஊறுவதால்தான்.

ஆனால் அந்தச் சரிவில் வயதின் பங்கு எவ்வளவு, நாற்காலியின் பங்கு எவ்வளவு? இதுதான் எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. 2004-க்கும் 2019-க்கும் நடுவே பதினைந்து ஆண்டு நான் எதையுமே தூக்கவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர், ஷேர் ஆட்டோவில் அலுவலகம். அந்தப் பதினைந்து ஆண்டையும் வயதின் கணக்கிலேயே எழுதிவிட்டேன். அது தவறு என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

மண்ணடியில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே மூட்டை இறக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். புதன்கிழமை தேநீர்க் கடையில் அவரிடம் கேட்டேன், “ஐயா, உங்களுக்கு உடம்பு நோகாதா?” அவர் சொன்னார்: “மஞ்சள் காமாலையில் இரண்டு மாதம் படுத்து எழுந்து வந்தேன் அம்மா. அந்த முதல் வாரம் நொந்தது பாருங்கள், அப்படி என்றைக்கும் நொந்ததில்லை. தினமும் தூக்கினால் தசை கேட்கும். முட்டிதான் கேட்பதில்லை.” ஒரு முறை இந்த நுண்சேதத்தைப் பட்டு ஆறிய தசை, அடுத்த முறை அதே வேலைக்கு மிகக் குறைவாகவே நோகிறது, அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நிற்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்வதை அவர் தன் உடம்பில் கண்டு வைத்திருக்கிறார். அவருடைய முட்டியைப் பற்றிச் சொன்னதையும் நான் மறக்க விரும்பவில்லை. உழைப்பே மருந்து என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுதிவிடுவது எளிது. நாற்பது ஆண்டு ஐம்பது கிலோ மூட்டை சுமந்த முட்டிக்கு அது பொருந்தாது. அம்மாவின் முட்டிக்கும் பொருந்தாது.

எனக்கு மிகவும் தெம்பு கொடுத்த செய்தி 1990-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு. மரியா ஃபியாட்டரோனேயும் அவருடைய குழுவினரும் பாஸ்டனில் ஒரு முதியோர் காப்பகத்தில் ஏறத்தாழ 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். தளர்ந்துபோனவர்கள், பலருக்கும் பல நோய்கள். முடிவில் அவர்களுடைய கால்தசையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. ஏறக்குறைய மூன்று மடங்காக ஆகிவிட்டது என்று பொருள். தொண்ணூறு வயதுத் தசைக்குக் காது கேட்கிறது என்றால் நாற்பத்தொன்பதுக்குக் கேட்காதா? அன்று இரவு அம்மாவிடம் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் நம்பவில்லை. “தொண்ணூறிலா?” என்று இரண்டு முறை கேட்டாள்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். சொற்கள் உதவுவதைப் போலவே ஏமாற்றவும் செய்கின்றன. எங்கள் தெருவில் மீன்பாடி வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் இடது தோளும் முதுகும் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ‘வாயுப் பிடிப்பு’ என்று அவரும் சொன்னார், நாங்களும் சொன்னோம். பூண்டைச் சுட்டுத் தின்றார், தைலம் தேய்த்தார், மறுபடி வண்டியை எடுத்தார். வேலை செய்கிறவருக்குத் தோள் வலிப்பது இயல்புதானே என்று எல்லோரும் இருந்துவிட்டோம். மாரடைப்பு. குளிர்ந்து வியர்த்துக் கொட்டிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் பழைய ஆளாக இல்லை. தடவினால் நோகாத, கையை அசைத்தாலும் கூடாத குறையாத, நடந்தால் ஏறி நின்றால் இறங்குகிற வலியைத் தசைவலி என்று எண்ணாதீர்கள். மார்பு அழுத்தம், தாடைக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை இருந்தால் தைலத்தைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கு மார்பு வலியே இல்லாமல் முதுகு வலியாகவும் அளவுமீறிய சோர்வாகவும் வருவது உண்டு. கடும் வேலைக்குப் பிறகு சிறுநீர் பால் விடாத தேநீரின் நிறத்தில் போனாலும் காத்திருக்கக் கூடாது. சிதைந்த தசை சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். இடுப்பு வலியோடு கால் மரத்து, சிறுநீர் அடக்க முடியாமல் போனால் அன்றைக்கே மருத்துவமனை.

என்னுடையது அப்படி எதுவும் இல்லை. புதன்கிழமை பாதியாகக் குறைந்து வியாழக்கிழமை இரவு வலி போய்விட்டது. மோட்டாரும் செவ்வாய்க்கிழமை மாலையே வந்துவிட்டது. இருந்தாலும் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு கீழே போனேன். செடிகளுக்கு ஊற்றுவதற்கென்று ஆறு நடை. மறுநாள் காத்திருந்தேன். இரண்டாம் நாளும் காத்திருந்தேன். லேசான விறைப்பு, அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையைச் சொல்லவேண்டும். அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டிய நாள் அது. வழக்கமாக நான் நாலு படி முன்னால் இறங்கி, நின்று, அவளுக்காகக் காத்திருப்பேன். பல நேரம் சலித்துக்கொண்டும் இருக்கிறேன். அன்று என்னால் அவளுக்கு முன்னால் போக முடியவில்லை. சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எந்தக் காலை முதலில் வைப்பது என்று தடுமாறினேன்.

“அதிகம் நோகிற காலை முதலில் கீழே வை” என்றாள் அம்மா. “நல்ல கால் மேல்படியில் இருக்கட்டும். அதுதான் தாங்கும்.”

“ஏறும்போது?”

“ஏறும்போது நல்ல கால் முதலில்.”

முட்டி தேய்ந்தவர்களுக்கு இயன்முறை மருத்துவர்கள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, பன்னிரண்டு வருடமாக இறங்குகிறேனே என்றாள். பன்னிரண்டு வருடமாக அவள் என் கண் முன்னால் இறங்கியிருக்கிறாள், எந்தக் கால் முதலில் போகிறது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

வலது கால், பிறகு இடது கால். ஒரே படியில் இரண்டு காலும் சேர்ந்து நின்ற பிறகுதான் அடுத்த படி. முதல் மாடி திருப்பத்தில் அம்மா நின்றாள். நானும் நின்றேன். எதிர்வீட்டு அக்கா வீட்டில் மோட்டார் போடும் சத்தம் கேட்டது.

“பதினெட்டு ஆயிற்று” என்றாள். “இன்னும் பதினெட்டு.”